வாடகை வீடும் அமானிதமே

வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை இந்நாட்டின் மீது வீசுகிறது. அது வருமுன் வீட்டையும் கடையையும் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றால், நம்மவரிடமிருந்து இரண்டு மறுமொழிகள் வருகின்றன. ஒன்று, "எல்லாம் அல்லாஹ் விட்ட வழி" என்பது. மற்றது, "வாடகை வீடுதானே, உடையவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது. முன்னது பக்தியைப் போலவும், பின்னது நியாயத்தைப் போலவும் தோன்றுகின்றன. இரண்டையும் சற்று உரசிப் பார்ப்பது நம் கடமை.

கடன் கொடுக்கும்போது பேரேட்டில் எழுதிக்கொள்கிறோம். கல்லாப் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோம். அதனால் நம் தவக்குல் குறைந்துவிட்டதாக நாம் எண்ணுவதில்லை. கூரை ஓட்டின் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படி எண்ண வேண்டும்? நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டியது வெள்ளம் வருமுன்னரே. யூஸுப் நபி (அலை) அவர்கள் பஞ்சத்துக்கு ஏழாண்டுகள் முன்பிருந்தே தானியம் சேமிக்கச் செய்தார்கள். முயற்சியை முடித்த பின் முடிவை ரப்பிடம் ஒப்படைப்பதே தவக்குல். முயற்சியைக் கைவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் வைப்பது சோம்பலுக்குத் தலைப்பாகை கட்டுவதாகும்.

"புயல் இந்தப் பக்கம் வராது" என்பாரும் உண்டு. பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகில் சூறாவளி உருவாகாது என்றே முன்பு பலரும் நம்பினர். 2001 டிசம்பர் 27-இல் 'வாமெய்' புயல் சிங்கப்பூருக்கு அருகே ஜொகூரின் தென்கிழக்கில் கரை ஏறி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. 2014 டிசம்பரில் கிளந்தான் முதலிய மாநிலங்களில் 200,000-க்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் காற்றும் மழையும் மரங்களைச் சாய்த்துத் தெருக்களை மூழ்கடித்தன. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர்.

இனி இரண்டாவது மறுமொழியைப் பார்ப்போம். கூரை, சுவர் ஆகியவற்றின் பெரிய பழுது உடையவர் பொறுப்பு என்பது உண்மையே. ஆனால் வாடகைக்கு எடுத்த பொருள் குடியிருப்பவர் கையில் அமானிதம் என்பது பிக்ஹு சட்டம். அவர் அலட்சியமோ அத்துமீறலோ செய்யாதவரை, அப்பொருளுக்கு நேரும் சேதத்துக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகை இலவசமன்று. அலட்சியம் இல்லாமை அதன் விலை. ஓடு நகர்ந்ததை அறிந்தும் சொல்லாமலிருப்பது அலட்சியம். சாக்கடையில் நம் கடைக் குப்பை அடைத்திருப்பதும் அலட்சியமே. ஆகையால் பழுதைப் பருவத்துக்கு முன்பே தேதியிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறு செலவை நாமே செய்து வாடகையில் கழிப்பதானால், முன்னதாகப் பேசி அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நம்மில் வீட்டுக்காரர்களாய் இருப்போருக்கும் ஒரு சொல்: மாதம் பிறந்ததும் வாடகைக்கு நீளும் கை, மழைக்கு முன் கூரைக்கும் நீள வேண்டும்.

உடையவர் எடுத்த காப்புறுதி கட்டடத்துக்கே. நம் சரக்குக்கு அன்று. சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. தனியே சேர்க்க வேண்டும். தக்காபுல் எடுத்தவர்களும் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நலம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 'வீட்டார்' என்போர் யார்? மனைவி மக்கள் மட்டுமா? கடையின் பின்னறையிலும் மேல்மாடியிலும் படுத்துறங்கும் சிப்பந்திகளும் நம் பொறுப்பிலுள்ளவர்களே. வெள்ளம் ஏறும் இரவில் கடையைக் காவல் காக்க ஒருவரை விட்டுவிட்டு நாம் மேட்டுக்குப் போகலாமா? போகலாகாது. அரை அடி ஆழமுள்ள ஓட்ட நீரே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். அரிசி மூட்டையை அடுத்த மாதம் வாங்கலாம். அவருடைய தாயாருக்கு மகனை எங்கே வாங்கித் தருவோம்?

உடையவர் முன்னிலையில் எந்தச் சட்டம் நம்மைக் காக்கிறதோ, அதே சட்டம் நம் முன்னிலையில் சிப்பந்தியையும் காக்கிறது. சரக்கு அவர் கையில் அமானிதம்; உயிரைக் காக்க அதை விட்டுப் போவது அலட்சியமாகாது. "தம்பி, தண்ணீர் ஏறினால் மெயின் சுவிட்சை அணைக்க நேரமிருந்தால் அணை, இல்லையேல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போ. கணக்குக் கேட்க மாட்டோம்" என்று மழைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பயந்து நின்றுவிடுவார். அவருடைய பாஸ்போர்ட்டும் நம் பெட்டியில் பூட்டிக் கிடக்கலாகாது. அவரிடமே இருக்க வேண்டும்.

பத்திரங்கள், நிக்காஹ் சான்று, கணக்கேடு ஆகியவற்றை நீர் புகாத பையில் உயரத்தில் வையுங்கள். குடிநீர், மருந்து, டார்ச் விளக்கு, குழந்தைக்குப் பால் மாவு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். எரிவாயு உருளையை மூடி விடுங்கள். பக்கத்து வீட்டு முதியவரை யார் தூக்குவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். 999 என்ற எண்ணைச் சிறுவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு மேலும் ஒரு சோதனை உண்டு. வீட்டாருக்காக வைத்த மூட்டை சேமிப்பு. விலை ஏறட்டும் என்று கிட்டங்கியில் மறைத்த மூட்டை பதுக்கல். மூட்டை ஒன்றுதான், நிய்யத்து வேறு. பதுக்குபவன் பாவி என்பது நபிமொழியின் கருத்து. கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011-இல் இயற்றிய சட்டமும் இந்நாட்டில் உண்டு. ஆனால் அதிகாரி வராத தெருவிலும் விலையை ஏற்றாதிருப்பதே முஸ்லிம் வர்த்தகரின் அடையாளம்.

இவ்வுலகமே நமக்கு வாடகை வீடு. இதை எப்படி வைத்திருந்தோம் என்று உரிமையாளனாகிய அல்லாஹ் ஒருநாள் கேட்பான். அந்த நாளில் சொல்லத் தக்க ஒரு பதிலை இந்த மழைக்காலத்திலேயே தேடிக்கொள்வோமாக. ஆமீன்.