குற்றவாளியைத் தேடும் தலைவியரும் குற்றவுணர்வும்

தொழில் ஒருபுறமும் குடும்பம் மறுபுறமும் இழுக்கையில் ஒரு பெண் எதன் பக்கம் நிற்றல் அறமாகும்? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் இலக்கிய வகை, திறனாய்வாளர் பலரும் பொழுதுபோக்கு நூலென ஒதுக்கிவிடும் துப்பறியும் நாவலே எனின், அது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் அதற்குத் தக்க காரணம் உண்டு. துப்பறிவோரின் தொழில் நேரங்காலம் பாராதது; இடைநடுவில் விடமுடியாதது; உண்மையைக் காண்பதன்றி வேறு முடிவை ஏற்காதது. அத்தொழிலை மேற்கொள்பவள் தாயாகவோ மனைவியாகவோ இருப்பின், இரு கடமைகள் அவளை ஒரே வேளையில் அழைக்கின்றன. அத்தகைய தலைவியர் சிலரை நோக்கி, அவர்கள் எழுப்பும் வினாவை ஊவா மாகாணத்து ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களின் வாழ்வோடு வைத்து உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் இவ்வினா புதியதன்று. சிலப்பதிகாரத்திலே கண்ணகி சான்றுப் பொருளைக் கையிலேந்தி அரசவை புகுகின்றாள். தன் சிலம்பின் பரல் முத்தன்று, மாணிக்கம் என உடைத்துக் காட்டி, ஆராயாது வழங்கப்பெற்ற தீர்ப்பைப் பொய்யாக்குகின்றாள். அவளைப் பொதுமன்றுக்குக் கொணர்ந்தது குடும்பக் கடமையே. ஆதலின் அங்கு இரு கடமைகளும் ஒன்றாகி நிற்கின்றன.

மேனாட்டுத் துப்பறியும் இலக்கியத்தின் தொடக்க காலத்திலும் ஏறத்தாழ இந்நிலையைக் காணலாம். ஆர்க்ஸி சீமாட்டி 1910 இல் வெளியிட்ட கதைத் தொகுதியின் தலைவியான லேடி மொலி, ஸ்கொட்லண்ட் யார்ட்டில் பணியாற்றுகின்றாள். கொலைக் குற்றஞ் சுமத்தப்பெற்றுச் சிறைப்பட்ட கணவனின் தூய்மையை நிலைநாட்டுவதே அவளது உள்நோக்கம். அது கைகூடியதும் அவள் பணியை விட்டு நீங்குகின்றாள். பெண்ணின் அறிவாற்றல் குடும்பத்தின் பொருட்டு எழலாம், குடும்பம் மீண்டதும் அடங்கிவிட வேண்டும் என்பதே அக்கதைகள் கூறாமற் கூறும் விதி. ஆர்க்ஸியின் உலகு மலையகத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தோட்டத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டிய முன்னோடியான கோ. நடேசய்யர் எழுதிய ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ என்னும் நூலின் தலைப்பே, அச்சீமாட்டி படைத்த ‘மூலையில் அமர்ந்த முதியவர்’ கதைகளை நினைவூட்டுவதாகும். மலையகப் புனைகதையின் தொடக்க நூல்களுள் ஒன்று துப்பறியும் கதையாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இரு கடமைகளும் பிரிந்து மோதும் நிலையை ஆழ ஆராய்ந்த நாவல் டொரதி சேயர்ஸ் எழுதிய ‘கௌடி நைட்’ (1935) ஆகும். ஒக்ஸ்போர்டில் அமைந்ததாகக் கற்பிக்கப்பெற்ற மகளிர் கல்லூரியொன்றில் இழிமொழிக் கடிதங்கள் பரவுகின்றன. அவற்றை எழுதியவர் யாரெனக் காணுமாறு துப்பறியும் நாவலாசிரியையான ஹரியட் வேன் அழைக்கப்படுகின்றாள். தன் அறிவுப் பணியைப் பேணுவதா, தன்னைப் பல்லாண்டு விரும்பி நிற்பவனை மணப்பதா என்னும் வினா அவள் உள்ளத்தையும் அலைக்கழித்துக் கொண்டிருக்கின்றது. ஈற்றில் குற்றவாளி கல்லூரிப் பணிப்பெண்ணான அனி எனத் தெரியவருகின்றது. அவளுடைய கணவன் ஓர் ஆய்வாளன்; தன் முடிபுக்கு மாறான சான்றொன்றை மறைத்தவன். அம்மறைப்பை வெளிப்படுத்தியவர் மிஸ் டி வைன் என்னும் புலமையாளர். கணவன் வாழ்விழந்து உயிரையும் மாய்த்துக்கொள்ள, அனி இரு பெண் குழந்தைகளோடு கைவிடப்படுகின்றாள். ஒரு பழைய ஏட்டின் உண்மைக்காக என் குடும்பத்தை அழித்தீர்களே என்பதே அவளது முறையீடு.

இம்முறையீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அதனை முழுதும் ஏற்றுக்கொள்ளவும் இயலாது. குடும்பத்தின் பசி பொய்ச் சான்றை மெய்யாக்கிவிடுமாயின், எவ்வாய்வையும் எத்தீர்ப்பையும் நம்புதற்கு இடமிராது. அதேவேளை, உண்மையை உரைத்த பின்னர் அதனால் வீழ்ந்தோர் என்னவாயினர் என வினவாது அகன்றமை தம் குறையெனப் புலமையாளரே உணர்கின்றார். உண்மைக்குச் செய்யும் கடமை, மனிதருக்குச் செய்யும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை என்பதே இந்நாவலின் அறவியற் பேறு எனலாம். நாவலாசிரியையின் வாழ்வும் இங்கு நோக்கத்தக்கது. 1924 இல் பிறந்த தம் மகனைச் சேயர்ஸ் உறவுப் பெண்ணொருவரிடம் வளரவிட்டார். அவ்வுண்மையை உலகம் அறிந்தது 1957 இல் அவர் மறைந்த பின்னரே. எழுதுகோல் ஏந்திய தாயின் பிள்ளையை வளர்த்ததும் மற்றொரு பெண்ணின் கையே.

பின்வந்தோர் இச்சிக்கலுக்கு வெவ்வேறு வழி கண்டனர். பி. டி. ஜேம்ஸ் 1972 இல் படைத்த கோர்டீலியா கிரே என்னும் இளம் துப்பறிவாளர் பிறந்தபோதே தாயை இழந்தவள். கணவனோ குழந்தையோ அற்றவள். பெண்ணுக்குத் தொழிலைக் கொடுப்பதற்குக் குடும்பத்தை நீக்கவேண்டியிருந்தது போலும். ஆயினும் மகனை இழந்த தாயொருத்தி பழிதீர்க்கச் செய்த கொலையை அவளே மறைக்க நேர்கையில், நீக்கப்பட்ட குடும்பம் வேறு வாயிலாக உள்ளே வந்துவிடுகின்றது. தமிழில் ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா இணையர் கதைகளில் மனைவி உடன்வருகின்றாள். புலனாய்வின் பொறுப்போ கணவனிடமே தங்கிவிடுகின்றது. ‘குற்றம்’ எனப் பொருள்படும் பெயருடைய டென்மார்க் நாட்டுத் தொலைக்காட்சித் தொடரில் (2007) துப்பறிவாளர் சாரா லுண்ட், மகனோடு சுவீடனுக்குப் புறப்படும் நாளை வழக்கின் பொருட்டு ஒத்திவைத்துக்கொண்டே செல்கின்றாள். முடிவில் குடும்பம் அவளை விட்டு அகல்கின்றது.

இப்படைப்புகள் அனைத்திலும் பொதுவான குறையொன்று உண்டு. குற்றவாளி யார் என வினவுவதற்கென்றே தோன்றிய இலக்கிய வகை, தன் தலைவியின் குற்றவுணர்வுக்குக் காரணம் எதுவென வினவுவதில்லை. அவ்விடத்தில் மட்டும் புலனாய்வு நின்றுவிடுகின்றது. தலைவி தன்னைத்தானே குற்றவாளியாகத் தீர்த்துக்கொள்கின்றாள்.

நின்றுபோன அப்புலனாய்வைத் தொடர்வதற்கு ஹாலிஎலத் தோட்டங்கள் துணைபுரியும். ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், ‘நாமிருக்கும் நாடே’ (1979) முதலிய நூல்களில் மலையக மக்களின் வாழ்வை எழுத்தாக்கியவர். அவர் காட்டிய உலகில் தொழிலும் குடும்பமும் வெவ்வேறு வீடுகளில் வாழ்வதில்லை. லயத்துக் காம்பரா தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டது. ஆகவே வேலையை விடுவது வீட்டையே இழப்பதாக முடியலாம். கொழுந்தெடுக்கும் பெண் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டி, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுக் காலைப் பெரட்டுக்கு விரைகின்றாள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் திரும்புபவளை அதே அடுப்பு எதிர்கொள்கின்றது. அவள் உழைத்தாலன்றிக் குடும்பம் உண்ணாது. ஆதலின் தொழிலா குடும்பமா என்னும் தெரிவு அவளுக்கு என்றுமே அளிக்கப்பட்டதில்லை. அவ்வுழைப்புக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984 இலேயே கிடைத்தது. அதனையும் கணவனே பெற்றுச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது.

வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்லும் தாய்மாரின் நிலை இன்னுந் தெளிவானது. 2013 இல் நடைமுறைக்கு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறைமை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அப்பணிக்குச் செல்வதைத் தடுத்தது. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலம் பேணல் நன்னோக்கமே. ஆயின் கடல்கடந்து செல்லும் தந்தையின் வீட்டை எவரும் இவ்வாறு புலனாய்ந்ததில்லை. துப்பறியும் நாவல் தலைவியின் உள்ளத்தில் நடத்திய விசாரணையை, இங்கு அரசே கோப்புத் திறந்து நடத்தியது. இரண்டிலும் விசாரிக்கப்படுபவள் தாய் ஒருத்தியே.

தொழிலும் குடும்பமும் மோதும் தருணங்கள் எவ்வகைச் சமுதாயத்திலும் முற்றாக மறைந்துவிடும் எனக் கூறுதல் மிகையாகும். நோயுற்ற குழந்தையும் முடிக்கவேண்டிய பணியும் ஒரே இரவில் வரவே செய்யும். அவ்விரவில் எடுக்கும் முடிவில் ஒரு வருத்தம் எஞ்சும். அது மனிதராயிருப்பதன் விலை. ஆனால் வருத்தம் வேறு, குற்றம் வேறு. பிள்ளை வளர்ப்பைத் தாய்க்கு மட்டுமே உரிய கடமையாக்கி, அவளது ஊதியத்தை மட்டும் வீட்டின் பொதுவுடைமையாக்கும் ஒழுங்கு நிலைக்கும்வரை, அவ்வருத்தம் குற்றமாக அவள் தலையில் சுமத்தப்பட்டே வரும். கண்ணகி அரசவையில் கேட்டது தீர்ப்பளித்தவனை நோக்கிய வினா. துப்பறியும் இலக்கியமும் தன் தலைவியை அவ்வாறு வினவவிடுமாயின், பொழுதுபோக்கு என்னும் பெயரை அது விரைவில் கடந்துவிடும். ஹாலிஎல மலைச்சரிவில் கூடை சுமந்து ஏறுபவளுக்கும் அவ்வினா உரியதேயாகும்.