கடைப் பையன் கொட்டிய உப்பும் அருணந்தியின் அளவையும்

ஒரு பொருளை நம்பி வாங்குகிறோம். அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அடுத்த மழைக்காலத்திலும் ஓடுமா என்பதும் தெரியாது. பிறகு எந்த ஆதாரத்தில் 'நம்பகமானது' என்கிறோம்? இதையே கடவுளை வைத்துக் கேட்டால் தத்துவம் என்பார்கள். வாக்யூம் கிளீனரை வைத்துக் கேட்டால் வீட்டுச் செலவு என்பார்கள். கேள்வி ஒன்றுதான் என்பது என் கட்சி.

நான் தத்துவப் பேராசிரியர் அல்ல. பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீகம் தோவாளைப் பக்கம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அந்த ஊரும் இந்த மலையும் ஒரே மாநிலம். இப்போது வீடு கல்லாற்றில். விதுராவைத் தாண்டி, பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் வருகிற ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ச் சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்தவன். அங்கே படித்த சிவஞான சித்தியார் என்ற நூல்தான் கடைசியில் கடைத்தெருவில் எனக்குக் கை கொடுத்தது.

எங்கள் ஊர்த் தூசி வேறு மாதிரி. சமவெளியில் தூசி பறக்கும், இங்கே அப்பிக்கொள்ளும். ஆனி பிறந்துவிட்டால் துவைத்த துணி காயாது, பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், உத்தரத்திலிருந்து உளுத்த மரப்பொடி கட்டிலில் உதிரும். என் மனைவிக்கு இழுப்பு. இலவம்பஞ்சு மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள்தான் காரணம் என்றார் டாக்டர். அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. ஆகவே கல்லாறு அவற்றுக்குச் சொர்க்கம். வாரியல் எடுத்தால் அவற்றின் கழிவு கிளம்பி மூக்கில் ஏறும். "நீங்க தூத்துத் தீருவது வரைக்கும் நான் திண்ணையில இருக்கணும்" என்பாள். ஷார்ஜாவிலிருக்கும் மகன் வாரம் ஒரு மிஷினின் படம் அனுப்பினான். ஒவ்வொன்றின் கீழும் 'நம்பகமானது' என்று எழுதியிருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார், கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவையைப் பேசுகிறார். ஒன்றை அறிந்தேன் என்று எதைக் கொண்டு சொல்கிறாய் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அளவைகள் பல என்பவர்கள் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் சமயவாதிகளைக் கேட்கப் போகும் மணிமேகலையிடம் அளவைவாதி பத்து வரை எண்ணிக் காட்டுகிறான். அருணந்தி அவற்றைச் சுருக்கிக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். நான் இந்த மூன்றோடும் கடைக்குப் போனேன்.

முதலில் காட்சி. நெடுமங்காட்டில் ஒரு கடையில் பையன் பளிங்குத் தரையில் உப்பைக் கொட்டினான். குழாயை நீட்டினான். சொய்ங் என்ற சத்தம், உப்பைக் காணோம். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் காட்சி பொய்யில்லை. ஆனால் உப்பு கனமான மணி, தரை வழுக்கும் தரை, வடிகட்டி புத்தம் புதிது, மின்சாரமும் முழு அழுத்தத்தில் வந்தது. என் வீட்டில் தூசி மெல்லியது, மெத்தை தடித்தது, வடிகட்டி பழையதாகும், மாலையில் வோல்டேஜ் தள்ளாடும். ஐயமும் திரிபும் கலந்த காட்சியைக் களைந்துவிட வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வது இதற்காகத்தான். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: காட்சி இந்த நொடிக்கு உரியது. நம்பகம் என்பதோ பல வருடங்களில் விரியும் குணம். அதை ஒரு நொடியில் எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

காட்சியைச் சரியாகப் பயன்படுத்திய ஒருவரும் இந்த மிஷினின் கதையில் உண்டு. 1901-இல் லண்டனில், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் கருவி ஒன்றின் செய்முறையைப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்றியது. ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து, வாயை வைத்து இழுத்தார். இருமல் வந்தது, கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. பிறர் காட்டியதை அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை, தானே ஒரு சோதனையை அமைத்தார். மறுவருடம் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அவருடைய இயந்திரம்தான். நானும் கடைப் பையனிடம், "தம்பி, உப்பு போதும். இந்தக் கோதுமை மாவை அந்தச் சோபாவில் தேய்த்துவிட்டு எடுத்துக் காட்டு" என்றேன். முதலாளி வந்துவிட்டார்.

அடுத்தது கருதல். "இது 2000 வாட் சார், நல்லா இழுக்கும்" என்றார் முதலாளி. வாட் அதிகம், ஆகவே இழுவை அதிகம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. இதிலுள்ள ஓட்டையைத் தருக்க நூல்கள் புகையும் நெருப்பும் வைத்துக் காட்டும். புகை இருக்குமிடத்தில் நெருப்பு உண்டு என்று கருதலாம். நெருப்பு இருக்குமிடத்திலெல்லாம் புகை உண்டு என்று கருத முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. அந்த இரும்பை உலைக்களத்தில் தினமும் பார்த்தவன் நான்.

வாட் என்பது மோட்டார் மின்சாரத்தில் எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு மட்டுமே. தின்றதில் எவ்வளவு இழுவையாகிறது, எவ்வளவு சூடும் சத்தமுமாகப் போகிறது என்று அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வாக்யூம் கிளீனருக்கு 1600 வாட்டுக்குக் கீழே என்று வரம்பு போட்டது. 2017 செப்டம்பரில் அதை 900-க்கு இறக்கியது. அதற்காக அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு: கிலோபாஸ்கலில் சொல்லப்படும் உறிஞ்சு விசை, அந்த விசையோடு ஓடும் காற்றின் அளவு. குழாயைக் கையால் அடைத்தால் விசை உச்சத்தில் இருக்கும், காற்று ஓடாது. கையை எடுத்தால் காற்று ஓடும், விசை விழும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. பெட்டியில் ஒன்றைப் பெரிதாக எழுதி மற்றதை விட்டிருந்தால் அந்தக் கருதலுக்கு வியாப்தி, அதாவது எங்கும் பிசகாத தொடர்பு, இல்லை என்று பொருள்.

'ஹெப்பா' என்ற முத்திரையும் அப்படித்தான். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி என்பது அமெரிக்க அளவுகோல். வடிகட்டி பிடிக்கும், சரி. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் காற்று வடிகட்டிக்குப் போகாமல் சந்து வழியே வெளியேறும். இழுப்புக்காரருக்கு அந்த முத்திரையால் பயனில்லை.

மிஞ்சியது உரை. யார் சொல்லை நம்புவது? நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவனை ஆப்தன் என்கிறார். பொருளை நேரில் அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த இடம். பிறப்பும் பட்டமும் கணக்கில் வருவதில்லை. அறிந்தானா, மறைக்காமல் சொல்கிறானா என்பதுதான் கணக்கு.

இந்த மலையில் இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. எங்கள் கல்லாற்றின் லட்சுமிக்குட்டியம்மா காணி என்ற பழங்குடிச் சமூகத்தவர். விஷக்கடிக்கும் நோய்க்கும் பச்சிலை மருந்து தருபவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆஸ்பத்திரி போர்டு இல்லாத வீட்டைத் தேடி மனிதர்கள் காட்டுக்குள் நடந்து வந்தது அவருடைய சொல்லை நம்பித்தான். 1987-இல் அகஸ்தியமலைப் பக்கம் போன ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிய காணிகள், ஒரு செடியின் காயைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆராய்ச்சியாளர் புஷ்பாங்கதனின் குழுவினர் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்து 'ஜீவனி' என்ற மருந்தாக்கியது. கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கொடுத்து, அதில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கினார்கள். காட்டுவாசி பேச்சு என்று தள்ளவுமில்லை, கேட்ட மாத்திரத்தில் விழுங்கவுமில்லை. உரையை ஏற்றுக்கொண்டார்கள், பிறகு காட்சியாலும் கருதலாலும் உரசிப் பார்த்தார்கள்.

என் மிஷின் விஷயத்தில் ஆப்தன் யார்? விளம்பரம் செய்கிறவர் அறிந்தவர்தான்; ஆனால் அறிந்ததையெல்லாம் சொல்ல மாட்டார். வாங்கிய வாரத்தில் புகழ்ந்து எழுதுகிறவர் மறைக்காமல் சொல்வார். ஆனால் இன்னும் எதையும் அறியவில்லை. என் மகனிடம் பாசம் உண்டு, அனுபவம் இல்லை. நான் போனது விதுரா சந்தைப் பக்கம் மிக்சியும் ஃபேனும் பழுது பார்க்கும் மேஸ்திரியிடம். நான் நல்ல மிஷின் வாங்கினால் அவருக்கு ஒரு பைசா வராது. கெட்டதை வாங்கினால்தான் வரவு. தன் வருமானத்துக்கு எதிராகச் சொல்லப்படும் சொல்லுக்குக் கனம் அதிகம்.

"அண்ணாச்சி, வண்டி நல்லதா கெட்டதான்னு என்கிட்ட கேக்காதீங்க. எது கெட்டா பார்ட்ஸ் கிடைக்கும்னு கேளுங்க" என்று தொடங்கினார். அவர் சொன்னதன் சாரம் இது. முதலில் தேய்வது மோட்டாரின் கார்பன் பிரஷ். அது நெடுமங்காட்டில் கிடைக்க வேண்டும். உலர் தூசி மட்டும் இழுக்கும் வகையில், இழுத்த காற்றே மோட்டாரைக் குளிர்விக்கிறது. நம்மூர் ஈரத்தூசி வடிகட்டியை அடைத்ததும் மோட்டார் சூடேறும். ஈரமும் உலர்ந்ததும் இழுக்கும் வகையில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று வழி உண்டு. மலையடிவாரத்துக்கு அது மேல். கழுவும் வடிகட்டி ஆனி ஆடியில் காயாது; காயாமல் மாட்டினால் நாறும், மோட்டாருக்கும் கேடு. ஆகவே இரண்டு செட் வேண்டும், அல்லது தூக்கிப் போடும் காகிதப் பை வேண்டும். ஐப்பசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையின் தரம் பிரிக்கும் கூடத்தில் பஞ்சுபோல் பறக்கும் தேயிலை நார் மோட்டாருக்குள் புகுந்து செய்யும் அட்டகாசத்தோடு காலம் கழித்தவன் நான். அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் அனுபவத்தோடு ஒத்துப்போனது.

இங்கே பழைய வழக்கு ஒன்று உண்டு. மீமாம்சகர் குமாரிலர் கட்சி: ஓர் அறிவு தோன்றும்போதே மெய்தான், அதை மறுக்கும் இன்னொன்று வரும்வரை அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை. நியாய மரபினரான நையாயிகர் கட்சி: அறிவு மெய்யா என்பது அதை நம்பிச் செய்த செயல் பலித்தால்தான் உறுதியாகும். வாரண்டி அட்டை மீமாம்சகர் கட்சியில் நிற்கிறது: குறை தெரியும்வரை நல்லது என்று வைத்துக்கொள். ஆனால் சிறிய எழுத்தைப் படித்தால் தேய்மானப் பொருள் என்ற பெயரில் பிரஷும் வடிகட்டியும் விலக்கப்பட்டிருக்கும்; கெடக்கூடியது எதுவோ அதற்குத்தான் உறுதி இல்லை. நான் நையாயிகர் பக்கம் சாய்ந்தேன். இரண்டு மழைக்காலம் ஓட்டிய வீட்டைக் கண்டுபிடித்து விசாரித்துவிட்டு, ஈரமும் உலர்ந்ததும் இழுக்கும், பை போடும், வாட் குறைந்த ஒன்றை வாங்கினேன். மெத்தையை இழுக்கும்போது மனைவி இப்போது திண்ணைக்குப் போவதில்லை.

சித்தாந்த வகுப்பு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம். "மிஷினைச் சோதிக்கிற மாதிரி ஆண்டவனைச் சோதிப்பீரோ?" என்றார். நியாயமான கேள்வி. ஆண்டவனைச் சோதிக்க என்னிடம் கருவியில்லை. காட்சியும் கருதலும் எட்டாத இடத்தில் உரைதான் துணை என்று அருணந்தியும் சொல்வார். நான் சோதிக்கச் சொல்வது, ஆண்டவன் பெயரால் என்னிடம் பேச வருகிறவரை. வெறுங்கையில் விபூதி வரவழைத்துக் காட்டுகிறவர் கடையில் உப்பைக் கொட்டிய பையனின் வேலையைத்தான் செய்கிறார். கூட்டம் இவ்வளவு, ஆகவே மகான் என்பது வாட்டைப் பார்த்து இழுவையைக் கருதுவது. மிஷின் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். தவறான ஒருவர் காலடியில் கழித்த வயதை மாற்றித் தர எந்தக் கடையும் இல்லை. ஆகவே இங்கே விசாரணை அதிகமாக வேண்டும், குறைவாக அல்ல. விசாரித்தால் பக்தி குறையும் என்பவருக்கு, சித்தியார் கடவுளுக்கு முன்னால் அளவையைப் பேசுவதை நினைவூட்டுவேன்.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியவை இந்த மூன்றுதான். சொல்கிறவர் தானே அறிந்தவரா? நான் நம்புவதால் அவருக்கு என்ன லாபம்? கெட்டுப்போனபோது கூட நின்று சரிசெய்தாரா, கதவை அடைத்துக்கொண்டாரா? கடைக்குப் போகும் முன் பழுது பார்ப்பவரிடம் போங்கள். தீட்சை கேட்கும் முன், அவரோடு நெடுநாள் இருந்து விலகியவர் யாராவது உண்டா என்று தேடி, அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.