விடுபட்ட எண்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் சீனக்குடா. அங்கே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் இப்போது மிஞ்சியிருப்பவை 99. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அன்றைய பாடத்தை அந்த எண்ணிலேயே தொடங்கினார்.

“முதல்ல 101 இருந்தது. அதுக்கு எத்தினை காரணி?”

“ரெண்டுதான் சேர். முதன்மை எண்” என்றான் உயர்தர மாணவன்.

“1942 ஏப்ரலில யப்பான் தாக்கினபோது ஒண்டு போயிட்டுது. 100.”

“ஒன்பது காரணி.”

“பிறகு இன்னொண்டும் போச்சு. 99.”

“ஆறு.” மாணவன் சற்று நின்றான். “எண் குறையுது, காரணி தன்பாட்டுக்கு ஏறி இறங்குது.”

இந்தியாவுடனான 2022 ஜனவரி உடன்படிக்கையில் அந்த 99உம் 24, 14, 61 என்று மூன்றாகப் பிரிந்தன. அரசுகள் பங்கு வைக்கும்போது காரணிகளைப் பார்ப்பதில்லை.

காரணிகளைப் பார்த்தவர் இன்னொரு துறைமுகத்தில் இருந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த இராமானுஜன், 1915இல் இலண்டனில் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்கள் பற்றியது அது. 2, 4, 6, 12 என்று தொடங்கி 6,746,328,388,800 வரை 102 எண்களை அட்டவணைப்படுத்தியிருந்தார். நடுவில் ஒன்று விடுபட்டிருந்தது: 293,318,625,600.

“இராமானுஜனே விட்டவரா?”

“ஓம். பிரிச்சுப் பாரும். 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5உம் 7உம் ரெண்டு ரெண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொண்டு.”

மாணவன் ஒவ்வொரு அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினான். “5040 காரணி! அந்த 5040உம் இந்த வகைதானே சேர்?”

“ஓம், அதுக்கு 60. 60உம் இந்த வகைதான்.”

“அப்ப அட்டவணை பிழையா?”

“முழுமையில்லை, அவ்வளவுதான். விடுபட்டதுக்கு அடுத்து நிக்கிறதுக்கு அதைவிடவும் கூடின காரணி இருக்கு. அதின்ர இடம் அசையாது.”

மாணவன் விடவில்லை. “101 முதன்மை எண்டு சொல்ல 101ஐப் பிரிச்சுப் பார்த்தாப் போதும். இதுக்குச் சிறிய எண் எல்லாத்தோடயும் ஒப்பிட வேணும். அப்ப இந்தக் குணம் எண்ணுக்குள்ள இல்லையே?”

“காரணி உள்ள இருக்கு, பட்டம் வெளியில. ஆனா ஓட்டப்பந்தயச் சாதனை மாதிரி நாளைக்கு ஒருத்தன் வந்து முறியடிக்க ஏலாது. அதுக்குக் கீழ புது எண் ஒண்டும் பிறக்கப் போறதில்லை. இராமானுஜன் காணாத காலத்திலயும் பட்டம் அதுக்குத்தான்.”

“இந்த வரிசைக்கு முடிவு இருக்கா?”

“எந்த எண்ணையும் ரெண்டால பெருக்கினா காரணி கூடும். பிறகெங்க முடிவு?”

“அப்ப 5040க்கு அடுத்தது 10,080. 72 காரணி.”

“10,080 வரிசையில இருக்கு. ஆனா அடுத்தது அது இல்லை. 7560ஐப் பிரிச்சுப் பாரும்.”

மாணவன் பிரித்தான். 64 காரணிகள்.