தென்புலத்தார் கடன் மலைக்கும் உண்டு

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பகுதியில், போரில் மாண்டவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக நால்வர் கைதானார்கள். ஓர் அகப்பைக் கஞ்சிக்கே விலங்கென்றால், மலையகத்தின் அட்டனிலும் நுவரெலியாவிலும் அந்த மாண்டவர்களின் பேச்சையே எடுக்க அஞ்சுவதில் வியப்பில்லை. "அது வடக்கு ஆட்களின் துக்கம், நமக்கெதற்கு?" என்று கேட்டு ஒதுங்கிக்கொள்வது வசதி. ஆனால் அது அறமல்ல. அந்தப் போரில் விமானக் குண்டுக்குப் பலியான நிராயுதபாணிகளை நினைப்பது மலையகத்தாருக்கும் கடமை.

1977, 1983 இனக்கலவரங்களில் அடிபட்டு, உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடியவர்களில் தோட்டத்து மக்கள் எத்தனை பேர்! காந்தீயம் இயக்கம் காட்டோரம் குடியமர்த்தியதும் அவர்களைத்தான். கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் இன்றும் மலையகப் பேச்சு கேட்கும். வன்னி வானத்திலிருந்து விழுந்த குண்டு, யாழ்ப்பாணத்தான் யார், தோட்டத்தான் யார் என்று பார்த்தா விழுந்தது?

நம் முன்னோர் போருக்கே வரம்பு கட்டியவர்கள். அம்பு விடுமுன் பசுக்களும் அந்தணரும் பெண்களும் பிணியாளரும் அரண் தேடிக்கொள்ளட்டும் என்று அறிவிக்கும் அறவழியைச் சொல்லித்தான் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு புகழ்கிறது. தென்புலத்தாருக்கு, அதாவது இறந்த முன்னோருக்கு, கடன் செய்யப் பிள்ளை பெறாதவரையும் அது அந்த வரிசையில் சேர்க்கிறது. இறந்தவருக்குச் செய்ய ஆளில்லாமல் போவது அவ்வளவு பெரிய குறை! வள்ளுவரும் இல்வாழ்வானின் ஐந்து கடமைகளில் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று தீக்கடவுளுக்குச் சொன்னாள். சினத்தின் உச்சியிலும் அவளுக்கு இருந்த நிதானம், 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மேல் குண்டு போட்டவர்களுக்கு இல்லை. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகள் மாண்டார்கள். அரசு அதைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது; நேரில் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கோ படைமுகாமின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

சிங்கள ஊர்கள் சூழ வாழும் சிறு கூட்டம், ஒரு விளக்கேற்றி வேலையையும் உயிரையும் பணயம் வைக்கலாமா என்ற அச்சம் பொய்யல்ல. பட்டவர்களின் அச்சம் அது. ஆனாலும் கொடியும் கோஷமும் இல்லாமல் நினைக்கலாமே. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் குண்டில் கொழும்பில் மாண்ட சாமானியரையும், 2009 பெப்ரவரியில் புலிகளின் விமானம் மோதிய கொழும்பு இறைவரிக் கட்டடத்தில் செத்தவர்களையும் அதே வரிசையில் வைத்தால், யாருக்கு எதிரான அரசியல் அது?

தீபாவளிக்கு முதல்நாள் லயத்து அறையில் தாத்தாவின் படத்துக்கு முன் வாழையிலை விரித்து, புதுவேட்டியோடு சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். வன்னிக்குப் போய் மாண்ட அத்தைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் படமில்லை என்பதற்காக இலையும் இல்லாமல் போகலாமா? தோட்டத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் லயம் லயமாகக் கேட்டாலே அப்படி மாண்டவர்களின் பெயர்கள் கிடைத்துவிடும். கிளிநொச்சிக்குப் போன சொந்தம் எந்த வீட்டுக்கு உண்டென்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாததா?