பக்கத்து வீட்டார் இட்ட பெயர்

எங்கள் வீட்டில் பல வருஷங்கள் சமையல் செய்த அம்மாளைத் 'திருச்சிப் பாட்டி' என்றே கூப்பிட்டு வந்தோம். அவள் காலமான அன்று புரோகிதர் பெயரைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதாபாத்திரங்களுக்குப் பெயர் தேடி இரவெல்லாம் விழித்திருக்கிறவன் நான், எனக்கும் தெரியவில்லை.

ஜெர்மனியின் பெயர் கண்ணில் படும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டார் தங்கள் தேசத்தை 'டாய்ச்லாந்து' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது 'அல்மாஞ்'; ஸ்பானியருக்கு 'அலெமானியா'; போர்த்துக்கேசியருக்கு 'அலெமாஞா'. மூன்றும் அலமன்னி என்ற ஒரு கூட்டத்தாரின் பெயரே. 3-ஆம் நூற்றாண்டில் மேல் ரைன் நதிப் பக்கம் ரோமாபுரியின் எல்லையை இடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எல்லைக்கு இப்பால் இருந்தவர்களுக்கு எதிரே தெரிந்த முகம் அது. அந்த முகத்தின் பெயரே பின்னால் நின்ற அத்தனை ஜனங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வடக்கே இருக்கும் பின்லாந்துக்காரரோ சாக்ஸன் கூட்டத்தை வைத்து 'ஸக்ஸா' என்கிறார்கள். அவரவர் ஜன்னலில் தெரிவதுதானே அவரவருக்கு உலகம்!

இத்தாலியர் கொஞ்சம் விசித்திரமானவர்கள். தேசத்துக்கு லத்தீன் வழிவந்த 'ஜெர்மானியா' என்ற பெயர். அங்கே பிறந்தவனுக்கு மட்டும் 'தெதெஸ்கோ'. இதுவும் 'டாய்ச்' என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். 'ஜனங்களுடைய' என்று பொருள். ஜெர்மானியன் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயரைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் இவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ருமேனியர் பேச்சில் அவன் 'நெயாம்ட்ஸ்'. ஸ்லாவியரிடம் இரவல் வாங்கிய சொல் அது. அதன் வேர் 'ஊமை' என்பார்கள். நம் பாஷை தெரியாதவன் ஊமையாம்!

பிரெஞ்சுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் தேசத்தின் பெயரே பிராங்குகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தாருடையது. அதே பெயர் அரபு நாடுகளைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் 'பறங்கி'யாக வந்து, போர்த்துக்கேசியர் தலையில் ஏறி, கடைசியில் ஒரு காய்க்கும் வாய்த்தது. நாமும் யாரைக் கேட்டு வைத்தோம்?

பெயர் இடுவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருவரைக் கூப்பிட ஏதாவது வேண்டுமே. 'உன் பெயர் என்ன?' என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றாததுதான் என்னை உறுத்துகிறது. துருக்கி 2022-இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் தன்னைத் 'துர்க்கியே' என்றே குறிக்கச் சொன்னது, சபையும் சம்மதித்தது. தேசம் எழுந்து நின்று சொல்லும். சமையலறையில் இருப்பவள் சொல்வாளா?

பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு பழைய தபால் கார்டு. சௌந்தரவல்லி, முசிறி என்று விலாசம். திருச்சியும் அவள் ஊர் இல்லை! புரோகிதர் அந்தப் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். யாரோ முன்பின் தெரியாத ஒரு ஸ்திரீக்கு நடக்கும் காரியம் போல அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.