பழைய உலாவியும் பக்குவ பேதமும்

இணையப் பக்கங்களை ஆக்குவோர் கைக்கொள்ளும் நிரல் நூலகங்கள், வழக்கொழிந்த உலாவிகளையும் தொடர்ந்து தாங்க வேண்டுமா என்னும் வினா, தொழில்நுட்பஞ் சார்ந்ததாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும், வசதி குன்றியவன்பால் வசதி மிக்கவனுக்குள்ள கடமை எத்தகையது, அதற்கு எல்லை உண்டா என்பதே அதன் உட்பொருளாதலால், அதனைத் தர்மவிசாரமாகக் கொள்வதே தகும்.

வட இலங்கையின் வன்னியிலிருந்து நோக்குவோர்க்கு இது வெறுங் கற்பனை வினாவன்று. 1990 முதல் 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரை பொருளாதாரத் தடையினுள் வாழ்ந்து, 2009இல் போரின் இறுதியில் எஞ்சியவற்றையும் இழந்து மீண்ட பிரதேசம் இது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே, குடும்பத்துக்கு ஒன்றாயிருந்த பழைய கைத்தொலைபேசியே இங்குப் பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. பழைய கருவியை வைத்திருப்போர் புதுமையை வெறுத்து அதனை வைத்திருக்கவில்லை.

எதிர்த்தரப்பின் நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜோன் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நூலகம், 2013 ஏப்ரலில் தன் 2.0 பதிப்பிலே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டபோது, அதன் கோப்பு முந்திய பதிப்பினும் 12 சதவீதம் சிறுத்தது. பழைய உலாவிக்காகச் சுமக்கப்படும் நிரலை ஏனையோர் யாவரும் தரவிறக்க வேண்டியிருத்தலின், டேட்டாவுக்குக் காசு எண்ணிச் செலவிடும் முல்லைத்தீவு மாணவியும் அச்சுமைக்கு விலை கொடுக்கிறாள். எனினும் அந்நூலகத்தார் வாயிலை உடனே அடைத்துவிடாது, பழையோர்க்கென 1.x வரிசையையும் சில ஆண்டுகள் உடன்நடத்தினர் என்பதை நான் மிக மதிக்கிறேன்.

இவ்விரு நியாயங்களுக்கிடையே கடமையை அளத்தற்குச் சைவசித்தாந்தம் ஒரு நெறி காட்டுகிறது. அது ஆன்மாக்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படுத்தி, முதல்வகையினருக்கு இறைவன் உள்நின்று உணர்த்தியும், அடுத்தவருக்குத் தன் திருவுருவோடு முன்னின்றும், மும்மலமும் உடைய சகலருக்கு மானிட வடிவில் குருவாய் எழுந்தருளியும் அருள்கிறான் என்று கூறும். அருள் ஒன்றே, ஏற்போன் பக்குவத்துக்கேற்ப அது வரும் வழி வேறாகிறது. இறங்கி வருதல் கொடுப்போன் செயலாயிற்றேயன்றி, ஏறி வந்து பெற்றுக்கொள்க என்று கடைநிலையிலுள்ளவனுக்கு விதிக்கப்படவில்லை. உயிர்க்குரிய கோட்பாட்டை இயந்திரத்துக்கு ஏற்றலாமோ என்று வினவுவோர், உலாவியைப் பிடித்திருப்பது ஒரு மனிதக் கை என்பதை நினைத்தல் வேண்டும். எழுத்தும் படிவமும் எவ்வுலாவியிலும் முதலிற் கிடைக்க, அலங்காரமும் அசைவும் வல்லதற்கு மேலதிகமாகக் கிடைக்க அமைக்கும் முறையை 2003இல் ஸ்டீவன் சாம்பியனும் நிக் பிங்கும் முன்வைத்தனர்; அது இந்நெறிக்கு வியக்கத்தக்க அளவு அண்மையில் நிற்கிறது.

ஆனால், சகலனைச் சகலனாகவே இருத்துதற்குக் குரு வருவதில்லை. மலத்தை நீக்குதற்கே வருகிறார். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன உலாவியில் வங்கிக் கணக்கைத் திறக்க ஒருவனை என்றென்றும் அனுமதிப்பது கருணையாகாது. அவனை ஆபத்திலே பேணிவைப்பதாகும். கடமைக்கு எல்லை உண்டென்று நான் கொள்வது இதனாலேயே.

அவ்வெல்லையை எவ்வாறு இடுவதென்பதற்கு நல்ல திருட்டாந்தம் ஒன்றுண்டு. இணையத்தளங்களுக்கு நம்பிக்கைச் சான்று வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், 7.1.1க்கு முந்திய அண்ட்ரொய்ட் கருவிகள் 2021இல் தன் சான்றை ஏற்காமற் போகும் என்றும், உலகிலுள்ள அண்ட்ரொய்ட் கருவிகளுள் ஏறக்குறைய மூன்றிலொன்று அத்தகையதென்றும் 2020 நவம்பரில் அறிவித்தது. தனக்கெனச் சான்றுத்தொகுதி வைத்திருக்கும் பயர்பொக்ஸ் உலாவியை அக்கருவிகளில் நிறுவுமாறு வழியுங் காட்டியது. பின்னர் ஐடென்ட்ரஸ்ட் நிறுவனத்துடன் உடன்பட்டு, 2024 செப்டெம்பர் 30 வரை அவற்றைத் தாங்கியது. இவ்வாறு முன்னரே அறிவித்து எல்லையிடுதல் வன்னிக்கும் புதிதன்று. இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்தால், சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைப்பதென்று கமக்காரர் கூடித் தீர்மானிப்பது விதைப்புக்கு முன்னரன்றோ? விதைத்தவனுடைய வாய்க்காலை இடையில் அடைப்பதுதான் அதர்மம்.

ஆகவே, அறிவியல்நகர் வளாகத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் இளைஞரிடம் நான் வேண்டுவது, நூலகத்தின் புதிய பதிப்பை ஏற்குமுன், தம் ஊரில் இன்னும் புழங்கும் மிகப் பழைய கைத்தொலைபேசியொன்றை வாங்கி, பரீட்சைப் பெறுபேறும் விண்ணப்பப் படிவமும் அதிலே திறக்கின்றனவா என்று பார்த்தலும், திறவாவிடின் என்ன செய்யலாம், எந்நாள் வரை செய்யலாம் என்பதை அதன் உடைமையாளருக்கு விளங்கும் தமிழில் முன்கூட்டியே அறிவித்தலுமாம்.