டி.சி.யில் ஏறும் ஒரு வரி

பிளஸ் டூ முடித்தவர் கைக்கு மதிப்பெண் பட்டியலோடு மாற்றுச் சான்றிதழும் (டி.சி.) நன்னடத்தைச் சான்றிதழும் வந்து சேர்கின்றன. நடத்தை என்ற இடத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் 'நன்று' என்றுதான் இருக்கும். பெஞ்சை உடைத்தவனுக்கும் அதுதான், வாத்தியாரை எதிர்த்துப் பேசியவனுக்கும் அதுதான். தலைமையாசிரியர் தெரிந்தே எழுதும் இந்த 'நன்று' பொய்யா, கருணையா?

2022 ஏப்ரலில் ஆம்பூர் அருகே மாதனூர் அரசுப் பள்ளியில் மாணவர் ஒருவர் ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த காணொளி பரவியது. மறு மாதமே அன்றைய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார். காரணம் இரண்டு சான்றிதழ்களிலும் எழுதப்படும். ஆசிரியர்களின் வேதனையில் நியாயம் உண்டு. வகுப்பறையில் அடி வாங்கும் அளவுக்கு அவர்களைக் கைவிட முடியாது. ஆனால் தண்டனை பள்ளி வாசலோடு முடிய வேண்டுமா, கல்லூரி வாசல் வரை தொடர வேண்டுமா என்பது வேறு கேள்வி.

கர்நாடக எல்லையை ஒட்டிக் காடு சூழ்ந்து கிடக்கும் அஞ்செட்டியில் அந்த ஒரு வரி என்ன செய்யும்? பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பள்ளி போயிற்று என்று இருக்கும் ஊர்கள் அந்தப் பக்கம். தாமதமும் விடுப்பும் அங்கே பாதி தூரத்தின் குற்றம். வீட்டில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்காகத் தலைமையாசிரியரிடம் போய் வாதாட ஆளில்லை. ஓசூரில் வசதியான குடும்பம் என்றால், "நாங்களே டி.சி. வாங்கிக்கிறோம் சார்" என்று சொல்லிக் கறையில்லாத தாளோடு வேறு பள்ளிக்குப் போய்விடும். தப்பு ஒன்றுதான், தாள்தான் வேறு. கல்லூரி கைவிட்ட பிள்ளைக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை இருக்கவே இருக்கிறது. அங்கே யாரும் நடத்தைச் சான்று கேட்பதில்லை!

சட்டத்தைப் பார்த்தால் விசித்திரம் இன்னும் கூடுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குற்றம் செய்த சிறாருக்குப் புதிய தொடக்கம் தர வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவின்படி பழைய தீர்ப்பு அவருக்குத் தகுதிக்குறைவு ஆகாது. ஆவணங்கள் உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். கொடுங்குற்றத்துக்காக வயது வந்தவராகக் கருதி விசாரிக்கப்படும் 16 வயது கடந்தோர்தான் விதிவிலக்கு. திருடிய சிறுவனின் பதிவு அழிந்துபோகும்; வாத்தியாரைத் திட்டியவனின் டி.சி. கடைசிவரை அவனோடு வரும். இது என்ன நீதி?

கல்லூரியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை வீடு புகுந்து வெட்டியது அவரோடு பள்ளியில் படித்தவர்கள். அப்படிப்பட்ட வன்முறை விடுதிக்குள் வந்துவிடக் கூடாது என்று ஒரு கல்லூரி முதல்வர் அஞ்சினால், அந்த அச்சம் வீணல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ராகிங் தடுப்பு விதிகள் இரண்டு வழிகளைக் காட்டின. ராகிங்குக்காக எந்தக் கல்வி நிறுவனத்திலிருந்தும் நீக்கப்பட்டதில்லை என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். பழகும் விதம் குறித்துப் பள்ளியிடமிருந்தும் ஓர் அறிக்கை வர வேண்டும். முதலாவது நேர்மையான கேள்வி: எதைக் கேட்கிறோம், ஏன் கேட்கிறோம் என்பது அதில் தெளிவு. இரண்டாவது எதை வேண்டுமானாலும் உள்ளே இழுக்கும். தலைமுடி வெட்டாததும் 'பழகும் விதம்' ஆகிவிடலாம்.

அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பம், பள்ளித் தண்டனை பற்றிய கேள்வியை 2021-22 முதல் கைவிட்டது. கறுப்பின மாணவர்கள் வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அதில் 'ஆம்' என்று எழுத நேர்ந்தது என்பது அதற்கு ஒரு காரணம். நம் ஊரில் இதைச் சாதிவாரியாக எண்ணினால் என்ன வரும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

ஆகவே அந்த 'நன்று' முழு உண்மை இல்லாவிட்டாலும் அநியாயம் இல்லை. மாணவருக்கும் கடமை உண்டு: கேட்காததைச் சொல்லத் தேவையில்லை; நேராகக் கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் பழைய தப்பைவிட அந்தப் பொய்தான் பெரிதாக நிற்கும். பள்ளிக் கல்வித் துறை 2022 அறிவிப்பில் காரணத்தைச் சான்றிதழில் எழுதும் பாதியைத் திரும்பப் பெறட்டும். அதற்கு மனமில்லையென்றால், எழுதும் முன் மாணவரும் பெற்றோரும் அந்த வரியைப் படித்துப் பதில் சொல்லவாவது வழி செய்யட்டும்.